முகம் மறைத்தவர், ஒருவர்

அந்தத் திங்கட்கிழமை காலை நான் திறந்த முதல் அலர்ட்டில் என் முகமும் இருந்தது. வெவ்வேறு நேரத்தில் எடுத்து அடுக்கிய முகப்படங்களில் மூன்றாவது வரிசையில், ஓரமாக. தலையில் மல்லிகை, வாய் எதையோ மென்றுகொண்டிருக்கிறது. முகத்தைச் சுற்றிப் பச்சைக் கட்டம், கட்டத்துக்கு அடியில் என் ஊழியர் எண். நான் தின்றது புளிச்சோறா தேங்காய்ச்சோறா என்பது மட்டும்தான் அதில் எழுதப்படவில்லை.

என்னைச் சுற்றி இருந்த முகங்களும் எனக்குத் தெரிந்தவைதான். எல்லாரும் மண்ணூரில் எங்கள் தெருவிலும் பக்கத்துத் தெருக்களிலும் வாடகைக்கு இருக்கும் பெண்கள். ஒரே தொழிற்சாலையில், ஒரே லைனில் வேலை செய்கிறவர்கள். எல்லா முகத்துக்கும் பச்சைக் கட்டம், கீழே ஒரு எண். ஒரே ஒரு முகத்துக்கு மட்டும் சிவப்பு. அதன் கீழே ஆங்கிலத்தில் எழுதியிருந்ததைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: முகம் மறைத்தவர், ஒருவர்.

அந்த முகத்தை யாரும் மறைக்கவில்லை. இரண்டு கன்னத்திலும் நெற்றியிலும் சந்தனம் அப்பி, அதன்மேல் குங்குமம் வைத்திருந்தது. அந்தச் சந்தனத்தில் கொஞ்சம் முந்தின நாள் நான் என் கையால் பூசியது.

என் வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன். இந்தத் தொழிற்பேட்டைச் சாலைகளிலும் அதை ஒட்டிய ஊர்களிலும் கம்பத்துக்குக் கம்பம் கேமரா வந்துவிட்டது. அந்தப் படங்கள் எல்லாம் வந்து சேரும் கண்ட்ரோல் ரூமில் நான் ஆபரேட்டர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். கல்லூரிக்குப் போன முதல் ஆளும் நான்தான். அப்பாவின் ஊர் பிள்ளைப்பாக்கம். நிலம் கைமாறிய பிறகு அவர் ஒரு கிடங்கில் வாட்ச்மேன். அம்மா ஒரு கம்பெனி கேண்டீனில் தட்டு கழுவுகிறாள். நான் வேலைக்குச் சேர்ந்த அன்று அம்மா என் அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்ற விடவில்லை. அதோடேயே உட்கார வைத்துச் சோறு போட்டாள். இதைச் சொல்ல எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை. ஏசி அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஆங்கிலத்தில் அறிக்கை எழுதும் வேலையை நான் யார் காலிலும் விழுந்து வாங்கவில்லை.

வீண் வேலை என்றும் சொல்ல மாட்டேன். வல்லக்கோட்டை சாலையில் சைக்கிளில் போன ஒருவரை இடித்துவிட்டு நிற்காமல் போன கண்டெய்னர் லாரியை, பல கேமராக்களின் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, நம்பரோடு பிடித்துக் கொடுத்தவள் நான். அவருடைய மனைவி எங்கள் ஆபீஸ் வாசலுக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அன்று முழுக்க என் கால் தரையில் படவில்லை.

எங்கள் தெருமுனையில் இருக்கும் கேமராவும் நாங்களாகக் கேட்டு வாங்கியதுதான். ஒரு மத்தியானம் பைக்கில் வந்த இருவர் எங்கள் தெருவில் ஒரு அம்மாவின் கழுத்துச் செயினை அறுத்துக்கொண்டு போனார்கள். அந்த அம்மாவின் மருமகள்தான் பெண்களைச் சேர்த்துக்கொண்டு பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனாள். கம்பம் நட்டபோது ஏணிக்குக் கீழே நின்றுகொண்டு, "அண்ணா, மூஞ்சி நல்லா தெரியணும். தெரு முழுக்க வர்ற மாரி திருப்பு" என்று சொன்னவளும் அவளே.

சிவப்புக் கட்டத்துக்குள் இருந்தது அவளுடைய முகம். நான் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். இங்கேயும் அக்கா என்றே எழுதுகிறேன். பெயர் வேண்டாம்.

அக்கா கான்ட்ராக்ட் தொழிலாளி. போனுக்குள் வைக்கும் சின்னச் சின்ன சர்க்யூட் பலகைகளைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துச் சரிபார்க்கிற வேலை. கான்ட்ராக்ட் ஆட்களுக்கு கேட் பாஸ் சில மாதங்களுக்குத்தான் கொடுப்பார்கள். முடியும்போது புதுப்பிப்பார்கள், புதுப்பிக்காமலும் விடுவார்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை. வயிற்றில் பிள்ளை இருந்தால் புதுப்பிக்க மாட்டோம் என்று எந்த நோட்டீஸ் போர்டிலும் ஒட்டியிருக்கவில்லை. ஆனால் லைனில் இருக்கும் ஒவ்வொருத்திக்கும் அது தெரியும். அதற்கு முன்னால் இரண்டு பெண்களுக்கு வயிறு தெரிய ஆரம்பித்ததும், "ரெஸ்ட் எடும்மா, அப்பறம் பாக்கலாம்" என்று சொல்லி அனுப்பினார்கள். அந்த 'அப்பறம்' வரவே இல்லை.

அக்காவின் பாஸ் அந்த மாதத்தோடு முடிகிறது. புதுப் பாஸ் கையில் வந்துவிட்டால் அதன்பிறகு விஷயத்தைச் சொல்லி லீவில் போகலாம், பிள்ளை பிறந்த பிறகு திரும்பி வரலாம் என்பது அவள் கணக்கு. அதுவரைக்கும் கம்பெனிக்குத் தெரியக்கூடாது. லைனில் எல்லாரும் போடும் வெள்ளை ஓவர்கோட்டை ஒரு அளவு பெரிதாகக் கேட்டு வாங்கிக்கொண்டாள். ஒல்லி உடம்பு, முதல் பிள்ளை. ஏழாம் மாதத்திலும் கோட்டுக்குள் அடங்கிவிட்டது. பக்கத்தில் நிற்கும் பெண்களுக்கு மட்டும் தெரியும். கனமான ட்ரே வந்தால் யாராவது ஒருத்தி சும்மா வருகிற மாதிரி வந்து தூக்கிக்கொண்டு போவாள்.

வளைகாப்பு வேண்டாம் என்றுதான் அக்கா சொன்னாள். மாமியார் விடவில்லை. செயினைப் பறிகொடுத்த அந்த அம்மாதான். "நீ உன் கம்பெனிக்கு பயந்துக்கினு இரு. என் பேரப்புள்ள வளையல் சத்தம் கேக்காம பொறக்கணுமா? அது இன்னா பாவம் பண்ணிச்சி?" என்று ஒரு வாரம் சோற்றைச் சரியாகத் தின்னாமல் சாதித்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை லைனுக்கு விடுமுறை. அக்கா இருந்தது ஒற்றை அறை வீடு. நாலு பேர் உட்கார்ந்தால் ஐந்தாவது ஆள் வாசலில் நிற்க வேண்டும். அதனால் தெருவிலேயே ஒரு சாமியானா கட்டினார்கள். லைன் பெண்கள் எல்லாரும் தட்டு எடுத்துக்கொண்டு வந்தார்கள். லைனில் அக்காவுக்குப் பக்கத்து சீட்டில் வேலை செய்பவள், எங்கள் தெருவிலேயே வாய் அதிகமானவள், தெருமுனையில் ஒரு பிளாஸ்டிக் கூடையோடு நின்றுகொண்டு எல்லாருடைய போனையும் வாங்கிப் போட்டாள்.

"ஸ்டேட்டஸ் வெக்கணும்னு எவளுக்காவது ஆசை இருக்குதா? வெச்சிக்கோ. நாளைக்கு சூப்பர்வைசர் மொத ஆளா லைக் போடுவான்" என்றாள். எல்லாரும் சிரித்துக்கொண்டே போனைக் கூடையில் போட்டோம்.

அந்தக் கூடையோடு அவள் நின்ற இடம் சரியாகக் கம்பத்துக்குக் கீழே. அது செயின் திருடர்களுக்காக நட்ட கம்பம். அதை யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

கேமராவுக்கு எங்கள் முகம் எப்படித் தெரிந்தது என்றால், தொழிற்சாலை வாசல்களிலும் எங்கள் ஆபீஸ் வாசலிலும் வருகைப் பதிவுக்கு முகத்தைக் காட்டுகிறோம் அல்லவா, அந்த முகங்களைப் 'பாதுகாப்புக்காக' எங்கள் கண்ட்ரோல் ரூமோடு சேர்த்திருக்கிறார்கள். சேரும்போது எல்லாரும் கையெழுத்துப் போட்ட ஆங்கிலத் தாளில் அது இருக்கிறது. படிக்கத் தெரிந்த நானும் போட்டிருக்கிறேன். போடாதவளுக்கு வேலை இல்லை. ஆனால் ஒரே கம்பெனியின் ஆட்கள், வேலை இல்லாத நாளில், ஓர் அளவுக்குமேல் ஒரே இடத்தில் கூடினால் அந்தக் கம்பெனிக்குத் தகவல் போகும் என்று ஒரு விதி இருப்பது அன்று காலை அந்த அலர்ட்டைப் படித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. புதிதாகச் சேர்த்த விதி. என் வரிசைக்கு வந்த முதல் கூட்ட அலர்ட் அது.

எங்கள் ஷிப்ட் இன்சார்ஜ் தெற்குப் பக்கத்துக்காரர். அவரிடம் போனேன்.

"சார், இது கூட்டம் இல்ல. வளைகாப்பு."

"எனக்குத் தெரியாதாம்மா? சந்தனம் பூசுன மொகம், பாத்தாலே தெரியுது. எங்க வீட்ல ரெண்டு பொம்பளப் புள்ளைக இருக்கு." குரலைத் தாழ்த்தினார். "ஆனா கம்பெனில உக்காந்திருக்க செக்யூரிட்டி ஆபீசரு மொகத்தையா பாத்தாரு? கட்டத்தப் பாத்தாரு. அத்தன பச்சைக்கு நடுவுல ஒரு செவப்பு. வெளியாளா, சங்கத்துக்காரியா, ஏன் மொகத்த மறைச்சான்னு காலைலருந்து கேக்காரு."

"வளைகாப்புன்னு எழுதி மூடிடறேன் சார்."

"எழுது. யாருக்குன்னு அடுத்தாப்ல கேக்கும்லா. எண் போடாம சிஸ்டம் அத மூட விடாது."

"தெரியாதுன்னு போட்டா?"

அவர் தன் திரையைக் காட்டினார். "உன் மொகமும் உள்ள இருக்கு. சோத்தத் தின்னுட்டு ஆளு தெரியாதுன்னு எழுதுவியா? நாளைக்கு உன்னையும் சேத்துல்லா கேப்பாங்க." கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னைக்கு வச்சிரு. நாளைக்குக் காலைல எனக்கு வேணும்."

கெட்ட மனிதர் இல்லை. அவரால் ஒரு நாள் தர முடிந்தது, தந்தார்.

நான் இருக்கைக்கு வந்து உட்கார்ந்தேன். வளைகாப்பு என்று எழுதி எண்ணைப் போட்டால் மற்ற பெண்கள் எல்லாரும் தப்பித்துக்கொள்வார்கள். அக்காவின் வயிறு கம்பெனிக்குத் தெரிந்துவிடும். எண்ணைப் போடாமல் விட்டால் அக்காவின் ரகசியம் இருக்கும், ஆனால் அத்தனை பேரும் யாரோ ஒரு சங்கத் தலைவியைச் சந்தித்தவர்கள் ஆவார்கள். அவர்களுடைய பாஸும் அதே மாதம்தான் முடிகிறது. பொய் எழுதினால் மாட்டிக்கொள்வேன் என்பதுகூட அப்போது பெரிதாகத் தோன்றவில்லை. உண்மையை எழுதவும் வழியில்லாமல் இருந்தது. இத்தனை வருஷம் படித்ததில் இப்படி ஒரு கேள்வி எந்தத் தேர்விலும் வந்ததில்லை.

சாயங்காலம் நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். பக்கத்து சீட்டுக்காரி எனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தாள்.

"வாங்க மேடம், வாங்க. போட்டோல்லாம் நல்லா வந்துதா? எனக்கு சைடுல எடுத்தா மூக்கு பெருசா தெரியும். கொஞ்சம் பாத்து எடுத்தியா?"

"நான் எங்க எடுத்தேன்? அது தானா எடுக்குது."

"தானா எடுக்குதாம். தானாவே பேரும் போடுதாம். அப்ப உனுக்கு எதுக்குடி சம்பளம்?"

அக்கா அவளை அடக்கினாள். அக்காவின் கைகள் வெறுமையாக இருந்தன. லைனில் கையில் எதுவும் இருக்கக்கூடாது என்பதால் காலையில் வளையல்களை எல்லாம் கழற்றி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். பிரசவம்வரை கழற்றக்கூடாத வளையல்கள். மாமியார் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அன்று தொழிற்சாலையில் நடந்ததைப் பக்கத்து சீட்டுக்காரிதான் சொன்னாள். "ஒவ்வொருத்தியா லைன்லேந்து எழுப்பி ரூமுக்கு இஸ்துகினு போனாங்க. யாரு கூப்ட்டாங்க, இன்னா பேசினீங்க, அந்த லீடரம்மா யாருன்னு கேக்கறாங்க. லீடரம்மாவாம்! நம்ப இவ! ட்ரே தூக்க முடியாம மூச்சு வாங்குறா, இவ லீடரம்மா!" சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "நான் கூழ் ஊத்தறதப் பத்திப் பேசினோம்னு சொன்னேன். எனக்கு அப்பறம் போனவ சீட்டு ஏலம்னு சொல்லிக்கீறா. அடுத்தவ எங்க நாத்தனார் பொண்ணுக்கு மஞ்சத்தண்ணின்னு சொல்லிட்டு வந்துட்டா. ஒரு பந்தலு, மூணு கதை. அவுங்க எழுதிகினே இருந்தாங்க. நாளைக்கு அல்லாரு பாஸையும் நிறுத்தி வெக்கப் போறாங்களாம்."

ஒருத்தியைக் காப்பாற்ற ஆளுக்கொரு பொய். எல்லாம் சேர்ந்து கம்பெனியின் சந்தேகத்துக்குத் தீனி போட்டுவிட்டது. முன்கூட்டியே பேசி ஒரே பொய்யைச் சொல்லியிருக்கலாம். அப்படி யோசிக்கத் தெரிந்தவர்கள் இல்லை அவர்கள். அப்படி யோசிக்கத் தெரிந்திருந்தால் கம்பெனி பயந்த அந்தக் கூட்டத்தையே நடத்தியிருப்பார்கள்.

நான் அக்காவிடம் என் நிலைமையைச் சொன்னேன். எண்ணைப் போடாமல் மூட முடியாது என்பதையும், காலைக்குள் கேட்கிறார்கள் என்பதையும். "நீ சொன்னா எழுதறேன். வேணாம்னா எழுதல. இன்னா ஆனாலும் நான் பாத்துக்கறேன்" என்றேன்.

"இன்னா பாத்துப்ப? உன் வேலையும் போவும்" என்றாள் அக்கா. அப்புறம் வயிற்றில் கையை வைத்துக்கொண்டாள். "எழுதாத. எம் வயிறு. எம் வாயால நானே சொல்லிக்கிறேன். காலைல போனதும் எச்.ஆர். மேடத்தப் பாக்கறேன். அவுங்களும் புள்ள பெத்தவங்கதானே? ஒரு பொம்பள கிட்ட ஒரு பொம்பள நேரா போயி சொன்னா வேற மாரிதானே இருக்கும்?"

"வேற மாரி இருக்கும்" என்றாள் பக்கத்து சீட்டுக்காரி. அவள் குரலில் கேலி இல்லாததை அன்றுதான் கேட்டேன்.

மேடத்திடம் எப்படி ஆரம்பிப்பது என்று அக்கா என்னைக் கேட்டாள். நான் படித்தவள் அல்லவா. மன்னிப்புக் கேட்டு ஆரம்பிக்க வேண்டாம், தப்பு எதுவும் செய்யவில்லையே என்றேன். அவள் எழுந்து நின்று என்னை மேடமாக வைத்துச் சொல்லிப் பார்த்தாள். "மேடம், ஒரு சந்தோஷமான சேதி சொல்லணும்." அதற்குமேல் சிரிப்பு வந்துவிட்டது. மறுபடி சொன்னாள். மூன்றாவது தடவை சிரிக்காமல் சொன்னாள். பாஸ் கேட்கிற இடத்தையும் சொல்லிப் பார்த்தாள்: புதுப் பாஸ் மட்டும் கொடுங்கள், பிள்ளை பிறந்து திரும்பி வந்ததும் ஓவர்டைம் எல்லாம் நானே பார்க்கிறேன். மாமியார் சுவரிலிருந்து முகத்தைத் திருப்பி, "தைரியமா சொல்லு. களவாண்டியா?" என்றாள்.

மறுநாள் விடியற்காலை ஷிப்டுக்கு அக்கா கம்பெனி பஸ் ஏறினாள். நான் என் இருக்கைக்கு வந்து முதலில் அந்த அலர்ட்டைத்தான் திறந்தேன்.

அது மூடப்பட்டிருந்தது.

சிவப்புக் கட்டம் இல்லை. சந்தன முகத்தைச் சுற்றியும் பச்சை, கீழே அக்காவின் எண். பக்கத்தில் இன்னொரு படம் ஒட்டியிருந்தது. விசேஷம் முடிந்து, முகம் கழுவிக்கொண்டு, விருந்தாளிகளை வழியனுப்பத் தெருமுனைவரை வந்து நிற்கிற அக்கா. அதே அரக்குப் பட்டு. புடவையை வைத்து இரண்டும் ஒருவரே என்று சிஸ்டம் முடிவு செய்திருக்கிறது. பிறகு கழுவின முகத்தை வைத்து யார் என்று கண்டுபிடித்திருக்கிறது. அதற்குக் கீழே குறிப்பு: குடும்ப நிகழ்ச்சி, கர்ப்பகாலச் சடங்கு, ஆபத்து இல்லை. யாரும் உட்கார்ந்து யோசித்து எழுதியதல்ல. அடையாளம் கண்டவர் என்ற இடத்தில் என் எண் இருந்தது. அந்த அலர்ட் என் பெயரில் ஒதுக்கப்பட்டிருந்ததால் அது தானாகவே அப்படிப் போட்டுக்கொண்டது. கம்பெனிக்கு மெயில் போய்விட்டிருந்தது.

உடனே அக்காவுக்குப் போன் செய்தேன். லைனுக்குள் போன் கொண்டுபோக முடியாது, கேட்டிலேயே லாக்கரில் வைத்துவிடுவார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

இன்சார்ஜிடம் போய், இதை நான் செய்யவில்லை, என் எண்ணை எடுக்க வேண்டும் என்றேன்.

"நீ செய்யலன்னு எனக்குத் தெரியாதா?" என்றார். "எடுக்கலாம். எடுத்துட்டு யாரு எண்ணப் போடச் சொல்லுத? மெஷின்னு போட அங்க எடம் கெடையாது. யாராச்சும் ஒரு ஆளு வேணும்."

ஆட்சேபத்தை எழுத்தில் கொடுத்தேன். அவர் வாங்கி வைத்துக்கொண்டார்.

கேட்டில் நடந்ததை அக்கா பிறகு சொன்னாள். முகத்தைக் காட்டினதும் மெஷினில் சிவப்பு விளக்கு. செக்யூரிட்டி அண்ணன் அவளைத் தனியாக ஓரத்துக்குக் கூப்பிட்டு, சிரித்த முகத்தோடு, "முழுகாம கீறியாமே? சொல்லவே இல்ல பாத்தியா! நல்ல சேதிம்மா. இன்னியிலேந்து ரெஸ்ட் எடுத்துக்கச் சொல்லிட்டாங்க" என்றிருக்கிறார். மேடத்தைப் பார்க்க வேண்டும் என்று அக்கா கேட்டாள். மேடம் மீட்டிங்கில் இருந்தார். அக்கா அங்கேயே நின்றாள். ஷிப்டுக்கு வருகிற பெண்கள் ஒவ்வொருவராகப் பச்சை விளக்கில் உள்ளே போவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஓவர்கோட்டை ஒரு பையில் போட்டு ஒப்படைக்கச் சொன்னார்கள். ஒப்படைத்துவிட்டு, வந்த பஸ் திரும்பிப் போய்விட்டதால், ஒரகடம் கூட்டு ரோடுவரை நடந்து வந்து ஷேர் ஆட்டோ பிடித்தாள். எழுத்தில் யாரும் எதுவும் தரவில்லை. வேலையை விட்டு எடுத்ததாகவும் சொல்லவில்லை. மாதம் முடிந்ததும் பாஸும் முடிந்தது, புதுப்பிக்கவில்லை, அவ்வளவுதான்.

மற்ற பெண்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லை. அந்த வாரமே புதுப் பாஸ் கொடுத்துவிட்டார்கள்.

யார் காட்டிக்கொடுத்தது என்று அவர்கள் கேட்டிருக்கிறார்கள். கண்ட்ரோல் ரூம் ஆபரேட்டர் அடையாளம் காட்டியதாக மெயிலில் இருந்ததை யாரோ சொல்லிவிட்டார்கள். அன்று சாயங்காலம் பக்கத்து சீட்டுக்காரி தெருவில் என்னை நிறுத்தினாள். எப்போதும்போல் ஏதாவது குத்திப் பேசுவாள், பதில் பேசலாம் என்று நின்றேன்.

"நீ படிச்சவ. பொழச்சிப்ப" என்றாள். அவ்வளவுதான். விலகிப் போய்விட்டாள். அதற்குப் பிறகு அந்தப் பெண்களில் ஒருத்திகூட என்னோடு பழைய மாதிரி பேசவில்லை. நான் போனால் குழாயடியில் பேச்சு நிற்கும். விளக்கம் சொல்லிக்கொண்டு வீடு வீடாகப் போக என்னால் முடியாது. நான் செய்யாத ஒன்றைச் செய்யவில்லை என்று கெஞ்சிச் சொல்வது எனக்கு வராது.

அக்காவிடம் மட்டும் போனேன். அவள் தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கழற்றி வைத்த வளையல்களை மாமியார் ஒவ்வொன்றாக அவள் கையில் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் எழுதலக்கா."

"தெரியும்" என்றாள். "உனக்கு எழுதணும்னா எங்கிட்ட வந்து கேட்டிருக்க மாட்ட."

நான் எப்படி நடந்தது என்று சொன்னேன். புடவையைப் பார்த்தது, கழுவின முகத்தைப் பார்த்தது, தானாக மூடிக்கொண்டது, எல்லாவற்றையும். அவள் கடைசிவரை கேட்டாள்.

"நீ எழுதியிருந்தா தேவலாம்" என்றாள். "உன் முடியப் புடிச்சி ரெண்டு சாத்து சாத்திட்டு, ஒரு மாசம் பேசாம இருந்துட்டு, அப்பறம் பேசியிருப்பேன். இப்ப நான் யாரத் திட்டறது? அந்த செக்யூரிட்டிய திட்டவா? அந்தாளு வாழ்த்துதான் சொன்னான்." பிறகு, "அவ்ளோ தடவ சொல்லிப் பாத்தேன். ஒரு தடவகூட சொல்ல வுடல" என்றாள். அப்போதுதான் அழுதாள்.

மாமியார் கையிலிருந்த வளையலைத் தரையில் வைத்துவிட்டு, "அந்தக் கம்பத்த நாந்தான் கேக்கச் சொன்னேன்" என்றாள்.

நான் இன்னும் அதே வேலையில்தான் இருக்கிறேன். விட்டுவிடலாமே என்று கேட்டவர்கள் யாரும் எங்கள் வீட்டு வாடகையைக் கொடுக்கப் போவதில்லை. பஞ்சாயத்து ஆபீசுக்குப் போய் அந்தக் கேமராவைச் சாலையைப் பார்க்கிற மாதிரி திருப்பச் சொல்லி மனு கொடுத்தேன். தனியாகத்தான் போனேன், கூட வர யாரும் இல்லை. அது இப்போது எங்கள் பொறுப்பில் இல்லை, கண்ட்ரோல் ரூமில் கேளுங்கள் என்றார்கள். நான் அங்கேதான் வேலை பார்க்கிறேன் என்றேன்.

அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. திரும்ப வேலை கேட்டு ஒரு முறை போனாள். புதிய ஆட்களோடு வரிசையில் நின்று மறுபடி முதலிலிருந்து பதிய வேண்டும் என்றார்கள். பதியவும் செய்தாள். கூப்பிடவில்லை. இப்போது வீட்டிலிருந்தபடி ரவிக்கைகளுக்குக் கொக்கி கட்டிக் கொடுக்கிறாள்.

சில வாரங்களுக்கு முன்னால் நான் அவள் வீட்டுக்குப் போயிருந்தபோது குழந்தை மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே, "ஒண்ணு கேப்பேன், முடியாதுன்னா வுட்டுடு" என்றாள். "அந்த போட்டோ உங்க கிட்ட இருக்குதா? சந்தனம் பூசின போட்டோ. அன்னிக்கு எவளும் போன் எடுக்கலையா, எங்கிட்ட ஒண்ணுகூட இல்ல. இவ பெருசானா காட்டலாம்."

நான் இன்சார்ஜிடம் கேட்டேன். அவர் விதியைப் பார்த்துச் சொன்னார். பிறருடைய தனியுரிமையைப் பாதுகாக்க, படத்தை ஆபரேட்டர்கள் வெளியே தரக்கூடாது. படத்தில் இருப்பவரே கேட்கலாம், ஆனால் எந்தக் கம்பெனிக்காக அந்த அலர்ட் போனதோ அந்தக் கம்பெனி வழியாகத்தான் கேட்க வேண்டும். "படம் அழியாது, இருக்கும். எப்ப வேணாலும் கேக்கலாம்" என்றார், ஆறுதலாக.

நான் வந்து அப்படியே சொன்னேன். அக்கா ஊசியைத் துணியில் குத்தி நிறுத்தினாள்.

"எம் மூஞ்சிய அவுங்க கிட்ட போயி நான் கேக்கணுமா?"

"அப்டித்தான் சொல்றாங்க."

"வேணாம் வுடு."

கொஞ்ச நேரம் தைத்தாள். பிறகு தலையைத் தூக்காமலே, "நீ பாத்தியே. எப்டி இருந்தேன், சொல்லு" என்றாள்.

நான் அந்தப் படத்தை ஒரு நாள் முழுக்கப் பார்த்தவள். ஆரத்தி எடுக்க வாசலில் நிறுத்தியபோது எடுத்தது. இடது கன்னத்தில் சந்தனம் அதிகம், காய்ந்து வெடித்திருந்தது. நெற்றிக் குங்குமம் கொஞ்சம் மூக்கில் உதிர்ந்திருந்தது. காதோரம் ஒரு மல்லிகைச் சரம் கழன்று தோளில் கிடந்தது. ஓரத்தில் மாமியாரின் கை மட்டும் தெரிந்தது, ஆரத்தித் தட்டோடு. எல்லாவற்றையும் சொன்னேன்.

"சிரிச்சிகினு இருந்தேனா?"

பொய் சொல்ல நினைத்தேன். ஆனால் அந்தப் படத்தைப் பற்றி அவளிடம் இருக்கப் போவது நான் சொல்வது மட்டும்தான்.

"இல்லக்கா" என்றேன். "வெயிலுக்குக் கண்ணச் சுருக்கிகினு, மேல எங்கியோ பாத்துக்கினு இருந்த."

அவள் தலையாட்டினாள். மடியில் குழந்தை அசைந்தது. ரவிக்கையைத் தள்ளி வைத்துவிட்டு அதைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.